ஒருவருக்கு ஒரு முகம்

குழந்தைவேலு என்று ஒருவர் இருக்கிறார் என்பதில் கானாடுகாத்தானில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. பத்தொன்பது வருடமாக, விடிவதற்கு முன்பே நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு கிளம்பி, தெருத் தெருவாகக் குடிநீர் வால்வைத் திறந்துவிட்டு மூடுகிற மனிதரை இல்லை என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் தென்சீமைக் குடிநீர் வழங்கல் கழகத்துக்கு இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு, பெண்குரலில், செந்தமிழில் அது அப்படியே சொல்லியும் விட்டது.

அதற்கு முன் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்தொன்பது வருடமும் அவர் தற்காலிகப் பணியாளர். மற்ற இடங்களில் தற்காலிகம் என்றால் கொஞ்ச நாள். கழகத்தில் அது ஆயுசு. அந்தச் சித்திரையில்தான், யாரோ ஒரு புண்ணியவான் கோப்பைத் தவறுதலாக மேலே நகர்த்தியதால், பணி நிரந்தர ஆணை வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ந்து இருபத்தொரு நாள் வேலைக்கு வராமல் இருந்தால் ஆணை தானாகவே ரத்தாகும். குழந்தைவேலு அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் எடுத்த விடுப்பு மொத்தம் பதினொரு நாள். அதில் ஒன்பது நாள் டெங்கு.

ஆணை வந்த அதே வாரம் கழகத்தில் முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் திறந்து வைக்கப்பட்டது. அலுவலகம் இருந்தது வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டில். முன்வாசல் தெற்குத் தெருவில் இருந்தால் பின்வாசல் வடக்குத் தெருவில் இருக்கும். தேக்கு நிலைக்கதவில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டதால், நிலையில் செதுக்கியிருந்த கஜலட்சுமியின் யானைகளுக்குக் கீழே இயந்திரத்தை ரப்பர் பட்டை போட்டுக் கட்டி, அது சொன்னால் திறந்து மூட உள்ளே ஒரு கண்ணாடிக் கதவும் வைத்தார்கள். சென்னையிலிருந்து மனிதவள மேம்பாட்டு அலுவலர் சிவபிரகாஷ் வந்து உரையாற்றினார். முப்பது வயது. நல்ல பிள்ளை. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற சுபாவம்.

"இத்தனை வருஷமா நீங்க வந்தீங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டீங்க. அதை நாங்களும் நம்பிட்டோம். எவ்வளவு பெரிய நிர்வாகக் குறைபாடு பாருங்க. இனிமே நம்புற சிரமமே யாருக்கும் கிடையாது. நான் உங்களை நம்ப வேண்டாம், நீங்க என்னை நம்ப வேண்டாம். மெஷின் நம்ம ரெண்டு பேரையுமே நம்பாது. இதைத்தான் நாங்க வெளிப்படையான பணிச்சூழல்னு சொல்றோம்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களின் பெயரை யாரும் குறிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊழியர் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் புதிய கொள்கையில் இருந்தது. ஆகவே இயந்திரம் முகத்தோடு சிரிப்பையும் அளக்கும். தொடர்ந்து மூன்று நாள் சிரிக்காதவர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். குழந்தைவேலுவுக்கு அன்றைக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. ஆணை வந்த பூரிப்பில் பல் முப்பத்திரண்டும் தெரிய நின்று முகத்தைப் பதிந்துகொண்டார். தலை நிறைய முடி. இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிற்கும் என்று பேர் வாங்கிய மீசை. நிறுத்திப் பார்த்தவர் யாரும் இல்லை.

இனி நேர்த்திக்கடன். வேலை நிரந்தரமானால் குன்றக்குடியில் முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டது அவர் மனைவி செந்தாமரை. இறக்க வேண்டிய முடி குழந்தைவேலுவுடையது. குடும்பங்களில் இப்படி நடப்பது வழக்கம்தான். அவர் மீசைக்கு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார்.

"மீசையையும் சேத்தா நேந்த, ஆத்தா?"

"வேலை பெர்மனென்ட் ஆகணும்னுல்ல கேட்டேன். முடியை மட்டும் குடுத்து, சாமி பாதி பெர்மனென்ட் ஆக்கிவிட்டா என்ன செய்வீக?"

வெள்ளிக்கிழமை இரண்டும் போயின. சனிக்கிழமை காலை வால்வெல்லாம் திறந்து மூடிவிட்டு, தலையில் சந்தனத்தோடு, ஒரு பொட்டலம் பஞ்சாமிர்தத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் இயந்திரத்தின் முன் நின்றார்.

"மன்னிக்கவும். தங்களை எமக்கு அறிமுகம் இல்லை. அன்புகூர்ந்து விலகி நிற்கவும்" என்றது அது.

எழுத்தர் லூசியாவின் மேசை வாசலுக்கு நாலு எட்டில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவரைப் பார்த்து வருகிறவர். எழுந்து வந்து, கொஞ்சம் சிரிங்கண்ணே என்றார். சிரித்தார். சந்தனத்தைத் துடைக்கச் சொன்னார். துடைத்தார். அங்குட்டு வெளிச்சத்துக்குத் தள்ளி நிற்கச் சொன்னார். நின்றார். ஒன்பதாவது முறை இயந்திரம் பேச்சை நிறுத்திக்கொண்டு, அறிமுகமில்லாத நபர் ஒருவர் அலுவலகத்துக்குள் நுழைய ஒன்பது முறை முயன்றதாகத் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பியது.

"லூசியாம்மா, என்னைய உனக்குத் தெரியுதுல்ல?"

"எனக்குத் தெரிஞ்சு என்னண்ணே செய்ய. எனக்குத் தெரியிறதுக்குத்தான் இப்ப மதிப்பில்லையே" என்றார் லூசியா, பஞ்சாமிர்தத்தை வாங்கிக்கொண்டு.

முகம் மாறினால் அதற்கென்று ஒரு விண்ணப்பம் உண்டு. அது கழக இணையதளத்தின் ஊழியர் பக்கத்தில் இருக்கிறது. ஊழியர் பக்கம் ஊழியரின் முகத்தைக் காட்டினால் திறக்கும். விடுப்பு எழுதிக் கொடுக்கலாம் என்றால் அதுவும் அதே பக்கத்தில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை சிவபிரகாஷே காரில் வந்து சேர்ந்தபோது குழந்தைவேலு மூன்று நாள் வேலைக்கு வராதவராக ஆகியிருந்தார். மூன்று நாளும் ஊரில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

சிவபிரகாஷ் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கனிவாகத்தான் விசாரித்தார்.

"உங்க முடி கழகத்துக்குச் சொந்தம்னு நான் சொல்ல வரல. ஆனா பதிவான பிறகு அது பதிவேட்டுல இருக்கிற முடி. பதிவேட்டுல இருக்கிறதை முன் அனுமதி இல்லாம எடுத்திருக்கீங்க."

"சாமிக்குக் குடுத்தது சார்."

"குடுத்ததுக்கு அத்தாட்சி?"

முடி காணிக்கைச் சீட்டைச் செந்தாமரை பத்திரமாக வைத்திருந்தார். குழந்தைவேலு சைக்கிளை மிதித்துப் போய் எடுத்து வந்தார். சிவபிரகாஷ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் ஒரு மொட்டை என்றுதான் இருக்கிறது, யார் மொட்டை என்று இல்லை என்றார்.

"ரெண்டு நிமிச வேலை சார். புதுசா ஒரு தடவை படம் எடுத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு."

"ஒருத்தருக்கு ஒரு முகம்தான் சாங்ஷன் ஆகியிருக்கு. உங்களுக்கு ரெண்டாவது குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நாங்க எங்க போறது?"

குழந்தைவேலு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். வாக்காளர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த அட்டையில் இருப்பவனையும் இருபது வருடமாக யாரும் அடையாளம் கண்டதில்லை. ஆனாலும் ஓட்டுப் போட விட்டிருக்கிறார்கள். ஏங்க, கண்ணாடிக்குள்ள என்ன தேடுறீக என்று செந்தாமரை கேட்டதற்கு, ஒண்ணுமில்லத்தா, சும்மா என்றார்.

பிறகு மெமோ வந்தது. தொடர்ந்து பணிக்கு வராததன் காரணம் என்ன என்று கேட்டுப் பதிவுத் தபால். தபால்காரர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் குழந்தைவேலு வால்வு திறக்கப் போயிருந்தார். வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்ட கடிதம், வேலைக்குப் போயிருந்த காரணத்தால் வாங்க ஆளில்லாமல் திரும்பியது. கடிதத்தை வாங்க மறுத்ததாக அது இரண்டாவது குற்றம் ஆனது.

மற்றொரு பக்கம் இயந்திரம் தன் போக்கில் கணக்குப் போட்டது. வால்வு திறப்பவர் வரவில்லை. ஆகவே வால்வு திறக்கவில்லை. ஆகவே பத்து நாளாக அந்தத் தெருக்களில் தண்ணீர் இல்லை. தலைமையகம் பதறிப்போய் நிவாரணமாக நாலு லாரி தண்ணீர் அனுப்பியது. லாரி வந்து நின்றபோது தெருக்குழாய்கள் பொங்கிக்கொண்டிருந்தன. குடம் தவலை எல்லாம் நிறைத்துவிட்டு, வாசல் தெளித்துக்கொண்டிருந்தார் அந்தத் தெருப் பொன்னுத்தாயி. லாரியோடு வந்தவர், பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். குழாயை மூடிட்டுப் போடவா, திறந்தபடிக்கே போடவா என்று கேட்டார் பொன்னுத்தாயி. எப்படியும் போடலாம் என்றார் அவர். அன்று அந்தத் தெருவில் எருமைகள் எல்லாம் லாரித் தண்ணீரில் குளித்தன. வால்வை மூடுவதற்காக அதே முக்கில் நின்றிருந்த குழந்தைவேலுவை, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பாதிக்கப்பட்டவங்க முன்னாடி வரட்டும் என்று லாரிக்காரர் ஒதுக்கிவிட்டார்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பதினொன்று, பன்னிரண்டு என்று லூசியா வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிச் சொல்வார். மொட்டைத் தலையில் அரிசி போல முடி எட்டிப் பார்த்தது. மீசை இருந்த இடத்தில் கரி தொட்டு வைத்தது போல ஒரு நிழல். இருபத்தொரு நாளுக்குள் இருபது வருட மீசை வராது என்பது தெளிவானது.

பன்னிரண்டாம் நாள் மாலை அவர் காளையார்கோவிலுக்கு பஸ் ஏறினார். திருவிழா நாடகங்களில் ராஜா வேடம் கட்டும் மருதுபாண்டி அங்கே இருந்தார், தூரத்து உறவு. அவரிடம் ஒரு டோப்பாவும் ஒட்டு மீசையும் இரவல் கேட்டார். மருதுபாண்டி எதற்கு என்று கேட்டார். வேலைக்குப் போகணும் என்றார். வேடம் கட்டுவதும் அதுவும் ஒன்றுதான் என்று சொல்லி மருதுபாண்டி இருப்பதிலேயே நல்லதாகக் கொடுத்தார்.

மறுநாள் காலை வேடத்தோடு போய் நின்றார். இயந்திரம் இம்முறை யோசிக்கவே இல்லை.

"வணக்கம், செயற்பொறியாளர் மீனாட்சிசுந்தரம் அவர்களே. தங்கள் வருகையால் கழகம் பெருமை கொள்கிறது."

கதவு திறந்துகொண்டது. லூசியா எழுந்து நின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்தார்.

செயற்பொறியாளர் மீனாட்சிசுந்தரம் இந்த அலுவலகத்தின் தலைவர். அவர் தலையில் இருப்பதும் அவருடையது அல்ல என்பது எல்லோரும் அறிந்த, யாரும் பேசாத செய்தி. முகம் பதிந்த அன்றும் அதோடுதான் பதிந்தார். மற்றபடி அவர் இருப்பது மதுரையில். அங்கே மச்சினர் பேரில் ஒரு கல்யாண மண்டபம் நடத்துகிறார். இயந்திரம் வந்ததிலிருந்து அவர் பாடும் திண்டாட்டமாகத்தான் இருந்தது. அன்று தான் அலுவலகம் வந்துவிட்டதாகச் செல்பேசியில் செய்தி பார்த்ததும், மதியத்துக்குள் காரை எடுத்துக்கொண்டு தன்னைப் பார்க்க வந்துவிட்டார்.

கோபிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் குழந்தைவேலுவைத் தனியே கூட்டிப் போய்த் தோளில் கை போட்டார். ஊழியருக்கு ஒன்று என்றால் தன் மனசு கேட்காது என்றார். உங்கள் கோப்பை நானே முடித்துத் தருகிறேன் என்றார். ஆனால் அதில் ஒரு சிறு சிக்கல்.

"நான் வந்ததாப் பதிவானாத்தான் உங்க பைலு என்கிட்ட வரும். வந்தாத்தானே நான் கையெழுத்துப் போட முடியும்? அதனால என்னைய வரவைக்கிறது உங்க கையிலதான் இருக்கு. நாளைக்கும் வந்துருங்க."

குழந்தைவேலுவுக்கு அது சரியாகவும் தோன்றியது, எங்கேயோ இடிக்கவும் செய்தது. நிரந்தர வேலை என்கிற ஒன்றே ஒன்று கண்முன் நின்றதால் இடித்த இடத்தைத் தடவிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு, வைகாசி வெயிலில், டோப்பாவுக்குள் வேர்வை வழிய வந்து மீனாட்சிசுந்தரமாக உள்ளே போவார். பின்வாசல் வழியே வெளியேறி, வடக்குத் தெருவில் வேடத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தைவேலுவாக வால்வைப் பார்க்கப் போவார். சம்பளப் பட்டியலில் ஒருவர் தவறாமல் வந்தார், ஒருவர் வரவே இல்லை.

நாலாம் நாள் மதுரையிலிருந்து போன். மீனாட்சிசுந்தரத்தின் குரலில் வருத்தம் இருந்தது.

"கொஞ்சம் சிரிச்ச முகமா வாங்களேன். மூணு நாளா நான் சிரிக்கலையாம். என்கிட்ட விளக்கம் கேட்டு எழுதியிருக்காக."

ஐந்தாம் நாளிலிருந்து குழந்தைவேலு அவருக்காகச் சிரித்தார். ஒட்டு மீசை பிய்ந்துவிடாமல் சிரிப்பது கடினம். மேலுதட்டை அசைக்காமல் கீழ்ப்பல்லை மட்டும் காட்டிப் பழகினார். அதற்கு இயந்திரம் எழுபது மதிப்பெண் கொடுத்தது.

இருபத்திரண்டாம் நாள் காலை, சிரித்துக்கொண்டே அவர் உள்ளே நுழைந்தபோது, லூசியா கையில் ஒரு தாளோடு நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பணி நிரந்தர ஆணை ரத்து.

"சார் கையெழுத்துப் போடுறேன்னாரே."

லூசியா விதியைப் படித்துக் காட்டினார். பதினெட்டாம் நாளே கோப்பு மேலதிகாரிக்குப் போய்விடும். மூன்று நாளுக்குள் அவர் மறுப்பு எழுதலாம். மேலதிகாரி அலுவலகத்தில் இல்லை என்றால், அவர் வரும்வரை கோப்பு அப்படியே நிற்கும். அலுவலகத்தில் இருந்தும் ஒன்றும் எழுதவில்லை என்றால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆணை தானாகவே வெளியாகும்.

"மூணு நாளும் அவர் இருந்திருக்காருண்ணே. நீங்கதான் இருந்தீக." லூசியா தாளை மடித்தார். "நீங்க வீட்லயே கெடந்திருந்தா இந்த ஆர்டர் வந்திருக்காது."

குழந்தைவேலு டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒட்டு மீசையைக் கழற்ற நினைவு வரவில்லை. மதுரைக்குப் போன் போட்டதில் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. முகூர்த்தம் நடக்கிறது, அப்புறம் பேசுறேன் என்றார் மீனாட்சிசுந்தரம்.

அடுத்த வாரம் அவரே நேரில் வந்தார், வர வேண்டியிருந்தது. வைகாசி மாதத்தில் ஆறு நாள் இடைவிடாமல், எழுபது மதிப்பெண்ணுக்குக் குறையாத புன்னகையோடு பணிக்கு வந்ததற்காகச் சிறந்த அலுவலர் விருது. சிவபிரகாஷ் சால்வை போர்த்திப் பேசினார். "தலைமைங்கிறது என்ன? இருக்கிறது. வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம். இருந்தா போதும். சார் இருந்தாரு" என்றார். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுபோல மீனாட்சிசுந்தரம் தலையை ஆட்டினார், டோப்பா நகராத அளவுக்கு.

இரும்புச் சாவியைக் குழந்தைவேலுவிடமிருந்து வாங்கி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மூன்று நாள் ஊரில் உண்மையாகவே தண்ணீர் வரவில்லை. சாவி இருந்தது, வால்வு எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. கணினி வரைபடம் இருபத்தேழு வால்வில் ஒன்பதை ஊருணிக்கு நடுவில் காட்டியது. ஒன்று தேர் நிறுத்துகிற கொட்டகையின் தகரத்துக்குக் கீழே, ஒன்று பூட்டிய வீட்டின் குப்பைமேட்டுக்கு அடியில் என்று எல்லாம் குழந்தைவேலுவின் மண்டைக்குள் இருந்தது. அந்த மண்டையைத்தான் இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. நாலாம் நாள் காலிக்குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார்கள். பொன்னுத்தாயியை முதல் வரிசையில் பார்த்த லாரிக்காரர், உங்களுக்குத்தான் போன மாசமே குடுத்தாச்சேம்மா என்றார்.

ஐந்தாம் நாள் சிவபிரகாஷ் குழந்தைவேலுவின் வீட்டுக்கே வந்தார். காலியாக இருக்கும் பணியிடத்துக்கு ஒரு தற்காலிக ஆள் தேவைப்படுகிறது, அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது, உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

செந்தாமரை உள்ளே போய்விட்டார். பாத்திரம் பலமாக உருண்டது.

"தற்காலிக ஆளுக்கு மூஞ்சி மெஷின் உண்டா சார்?" என்று கேட்டார் குழந்தைவேலு.

"அவங்களுக்கெல்லாம் முகம் சாங்ஷன் ஆகல. நோட்டுல கையெழுத்துப் போட்டா போதும்."

மறுநாளிலிருந்து தண்ணீர் வந்தது. பத்தொன்பது வருடம் எங்கே இருந்தாரோ அங்கேயே, முதல் நாள் தற்காலிகப் பணியாளராக, அவர் வால்வைத் திறந்தார். கையெழுத்து நோட்டு லூசியாவின் மேசையில். தினமும் ஒன்பது மணிக்கு, லூசியா திறந்துவிடும் கதவு வழியே, இயந்திரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அது அவரைக் கண்டுகொள்வதே இல்லை. அவரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனி போய், ஆடியும் பாதி போனது. தலையில் முடி படிந்தது. மீசை முறுக்க வருகிற நீளத்துக்கு வந்திருந்தது. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், இயந்திரத்தைத் தாண்டும்போது சிவப்பு விளக்கு சுழன்றது.

"வணக்கம், குழந்தைவேலு அவர்களே. தாங்கள் இக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர். உடனடியாக வளாகத்தை விட்டு வெளியேறவும்."

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. உள்ளே லூசியா, வெளியே குழந்தைவேலு, நோட்டு உள்ளே. நடுவில் கண்ணாடி. மூன்று மாதம் கழித்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்ட ஒரே ஜீவனை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

லூசியா சென்னைக்குப் போன் போட்டார். அங்கே ஒன்றரை மணி நேரம் ஆலோசித்தார்கள். குழந்தைவேலு என்ற பெயரில் நீக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். அவரை உள்ளே விடக் கூடாது. அதே பெயரில் தற்காலிகப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். அவரை உள்ளே விட வேண்டும். இருவரையும் இயந்திரம் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது சம்பந்தப்பட்ட ஊழியரின் பொறுப்பு என்று முடிவாகி, மின்னஞ்சலில் எழுதியும் அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை வால்வு வேலை முடிந்ததும், குழந்தைவேலு கடைத்தெரு சலூனில் வந்து உட்காருகிறார். மூன்றாவது முறை சலூன்காரர் தலையில் தண்ணீரைத் தடவிக்கொண்டே தயங்கினார்.

"அண்ணே, கேக்கப்படாது. இத்தனை மொட்டை எந்தச் சாமிக்கு?"

"சாமிக்கில்லப்பா" என்றார் குழந்தைவேலு, மீசையைக் காட்டி. "இதையும் எடுத்துரு. நாளைக்கு வேலைக்குப் போகணும்."